ஒன்பதாம் எண் செருப்பு

மே 6, திங்கள்

இன்று காலை பத்தே கால் மணிக்கு, மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, எட்டாம் எண் செருப்பிலிருந்து ஒன்பதாம் எண் செருப்புக்கு மாறுவது என்று முடிவு செய்தேன். மீசை முளைத்த நாள் முதல் எட்டாம் எண்ணில் நின்றவன் நான். கட்சி மாறியவர்களையும் கொள்கை மாறியவர்களையும் பண்ருட்டியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அறுபதை நெருங்கும் வயதில் செருப்பு எண்ணை மாற்றியவர் யாரும் நினைவுக்கு வரவில்லை. முன்மாதிரி இல்லாத காரியம் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

"வெயிலுக்குக் கால் விரியும் சார்," என்றார் கடைக்காரர். வெயிலில் தண்டவாளம் விரியும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். காலுக்கும் அந்த விதி பொருந்துவது நியாயமாகவே பட்டது.

பழைய செருப்பைக் குப்பையில் போடப் போனேன். சுலோசனா வாங்கிப் பரணில் வைத்தாள்.

"கால் எறங்கினா தேவைப்படும்," என்றாள். என் மனைவி எதையும் எறிய மாட்டாள்.

மே 7

புதுச் செருப்பு சௌகரியமாக இருக்கிறது. சாயங்காலம் அதுவும் இறுக்கிப் பிடித்தது.

மே 12, ஞாயிறு

மணிவிழா அழைப்பிதழ் அச்சாகி வந்தது. ஆனி மாதம் சதய நட்சத்திரம், ஜூன் 27, வியாழன், திருக்கடையூர். சிவன் எமனைக் காலால் உதைத்ததாகச் சொல்லப்படும் தலம். ஆயுள் நீட்டிப்பு வேண்டுவோர் அங்கேதான் விண்ணப்பிக்கிறார்கள். மூன்று நாள் கழித்து, ஜூன் 30, கிளை நூலகர் பதவியிலிருந்து நான் ஓய்வு பெறுகிறேன். அரசு என்னை வேண்டாம் என்று சொல்லும் அதே வாரத்தில் ஆண்டவனிடம் இன்னும் சில ஆண்டுகள் கேட்பதாக ஏற்பாடு.

என் தந்தை பகுத்தறிவாளர். எனக்குச் செங்குட்டுவன் என்று பெயர் வைத்தவர். என் திருமணத்தை ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், நல்ல நேரம் பார்க்காமல் நடத்தினார். தலைமை தாங்க வேண்டிய மாவட்டப் பிரமுகர் நான்கு மணி நேரம் தாமதமாக வந்து, இரண்டு மணி நேரம் மொழிப் பிரச்சினை பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் எங்களைப் பார்த்து "இவர்களும் வாழ்க" என்றார். மாலை மாற்றிக்கொண்டோம். அதற்குள் சாம்பார் புளித்துவிட்டது. புகைப்படக்காரர் எடுத்த மூன்று படங்களிலும் ஒலிபெருக்கி முன் பிரமுகர்தான் இருக்கிறார். ஒன்றில் மட்டும் என் வலது தோளும் சுலோசனாவின் மாலையும் விழுந்திருக்கின்றன. முகங்கள் இல்லை. அந்தத் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

முப்பத்தோரு ஆண்டுகள் சுலோசனா இதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. இந்த ஜனவரியில், கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"எனக்கு ஒரு தடவ ஒழுங்கா கல்யாணம் பண்ணிப் பாக்கணும்ங்க."

"யாரை?"

"உங்களத்தான். வேற ஆளு தேட இப்ப நேரமில்ல."

பகுத்தறிவு என் தந்தை விட்டுச்சென்ற சொத்து. வீட்டைப் போலவே அதையும் நான் சரியாகப் பராமரிக்கவில்லை. சரி என்றேன். மறுநாளே கும்பகோணம் போய்க் கூறைப்புடவை எடுத்து வந்தாள். அதைத் தினமும் ஒரு முறை பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்து, மறுபடி அதே மடிப்பில் வைக்கிறாள். நான் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மே 15, புதன்

நூலகம் மாடியில் இருப்பதால் எனக்கு முழங்கால் வலி. இரண்டு வருடமாகப் பேருந்து நிலையம் அருகே ஜெயபாலின் மருந்துக் கடையில் 'செட்' மாத்திரை வாங்குகிறேன். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, வாயுவுக்கு ஒன்று. காலை ஒரு செட், மாலை ஒரு செட். என் தலை தெரிந்தாலே ஜெயபால் காகிதத்தில் மடிக்க ஆரம்பித்துவிடுவார். மருத்துவரிடம் காத்திருந்து, அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, இறுதியில் இதே மாத்திரையை வாங்குவதை விட இது கௌரவமானது.

இரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். போன வருடம் இலவச முகாமில் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். குணமான நோய்க்கு மருந்து சாப்பிடுவது தர்க்கப் பிழை என்பதால் நிறுத்திவிட்டேன்.

உதவியாளர் தாஜுதீன் இன்று, "சார், முகம் பூசின மாதிரி இருக்கு. மாப்பிள்ளைக் களை வந்திருச்சு," என்றான். காலையில் கண்ணாடியில் நானும் கவனித்தேன். கண்ணுக்குக் கீழே சற்று உப்பலாக, சாப்பாட்டுக் கவலை இல்லாத மிராசுதார் போல இருந்தேன்.

மே 19, ஞாயிறு

கனடாவிலிருந்து மகன் செழியன் வீடியோவில் பேசினான். "அப்பா, வெயிட் போட்டுட்டீங்க," என்றான். ஒரு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. இருந்தும் எடை கூடுகிறது. சிக்கனத்தின் உச்சம் இது.

மே 24, வெள்ளி

காபி பழைய ஆணியை ஊறவைத்த தண்ணீர் போல் இருக்கிறது. டம்ளரைக் குற்றம் சொன்னேன். சுலோசனா டம்ளரை மாற்றினாள், பிறகு காபித்தூளை, பிறகு பால்காரரை. எந்த மாற்றத்துக்கும் அவள் வாதாடவில்லை. இது வழக்கம் அல்ல.

பலாப்பழம் மட்டும் ருசிக்கிறது. பண்ருட்டிக்காரனுக்கு இந்த மாதத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு வேளைச் சோற்றுக்குப் பதில் பத்துச் சுளை என்று வைத்துக்கொண்டேன்.

மே 30, வியாழன்

உடம்பெங்கும் அரிப்பு. தோலில் ஒன்றும் தெரியவில்லை. சலவைத்தூளை மாற்றச் சொன்னேன். கழிப்பறையில் நுரை நிற்கிறது, தண்ணீர் ஊற்றினாலும் போவதில்லை. புதிதாக வாங்கிய கழுவும் திரவம் மட்டமான சரக்கு. இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியிருக்கிறது. அது வயது.

ஜூன் 3, திங்கள்

நூலகத்துக்கு இருபத்திரண்டு படி. பன்னிரண்டாவது படியில் நின்று, கீழே வீதியைப் பார்ப்பது போல் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். வீதியில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் தாஜுதீன் நான் இயற்கை ரசிகன் என்று நினைக்கிறான்.

மருத்துவ நூல்களின் அலமாரிகளைப் பார்த்தேன். நூல்களை அடுக்குவதில் முதல் விதி, ஒரு நூலுக்கு ஓர் இடம் என்பது. அதன்படியே என் உபாதைகளையும் பிரித்தேன். அரிப்பைத் தோல் வரிசையில் வைத்தேன். பசியின்மை வயிற்று வரிசைக்குப் போனது. மூச்சிரைப்பு ஆஸ்துமா பக்கம், கால் வீக்கம் வயது முதிர்வு பக்கம், களைப்பு பணி ஓய்வுக்கு முந்திய மனச்சோர்வு பக்கம். அந்தக் கடைசித் தலைப்பில் ஒரு நூலே இருக்கிறது, எழுதியவர் ஓய்வு பெற்ற அதிகாரி. ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் மிகச் சாதாரணமாக இருந்தது. ஐந்து வெவ்வேறு அலமாரிகளில் சிதறிக் கிடக்கும் ஒன்றைக் கண்டு யாரும் பயப்படத் தேவையில்லை.

சிறுநீரகம் பற்றி ஒரு நூல் இருந்தது. அட்டை கிழிந்திருந்ததால் எடுக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மணிவிழா மோதிரத்துக்கு அளவு கொடுக்கப் போனோம். பழைய மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. ஆசாரி சோப்பு போட்டுப் பார்த்துவிட்டு, "அறுத்துடலாமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சுலோசனா, "அறுத்துடுங்க," என்றாள். அறுத்த பிறகு விரலில் இருந்த பள்ளத்தைக் கட்டை விரலால் நீவிக்கொண்டே கடை வாசலைப் பார்த்தாள்.

வழியில் மூன்று பேர் நான் பூரித்திருப்பதாகச் சொன்னார்கள். இளமையில் என்னை ஒல்லிக்குச்சி என்று கேலி செய்தவர்கள் அவர்களே.

ஜூன் 14

வாந்தி. காரணம் இட்லி.

ஜூன் 17, திங்கள்

இன்று ஒரு மருத்துவரிடம் போனேன் என்று எழுதலாம். அவரது வாசலில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதுவது துல்லியமாக இருக்கும். எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது, நூலகத்துக்கு நாள்தோறும் நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற தாசில்தார் உள்ளே வந்தார்.

"என்ன கல்யாண மாப்பிள்ளை, இங்க ஒக்காந்திருக்கீங்க?"

"பணி ஓய்வுக்கு ஒரு சர்டிபிகேட்," என்றேன்.

"ஓய்வுக்கெல்லாமா சர்டிபிகேட் கேக்கறாங்க? உயிரோட இருக்கீங்கன்னா?"

"அது அடுத்த வருஷத்துலேர்ந்து," என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

உண்மையில், மருத்துவரிடம் போனால் அவர் ஏதாவது சொல்வார். அதற்கென்றே படித்தவர். அவர் சொன்னதை நான் வீட்டில் சொல்ல வேண்டும். சதய நட்சத்திரம் மாதாமாதம் வரும். ஆனால் அறுபது நிறையும் ஆனிச் சதயம் ஒன்றுதான். தள்ளிவைக்க முடியாது. செழியனுக்கு விடுப்பு இரண்டு வாரம். அழைப்பிதழ்கள் எல்லா வீடுகளிலும் நிலைப்படியில் செருகப்பட்டுவிட்டன. பீரோவில் அந்தப் புடவை இருக்கிறது.

முன்பக்கம் மணமேடை, பின்பக்கம் மருத்துவமனை, நடுவில் ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் பத்து நாள். பத்து நாள் உட்கார முடியாதா ஒரு மனிதனால்?

ஜூன் 19

இரண்டு நாளாகச் சிறுநீர் குறைவு. இரவில் எழ வேண்டிய தேவை நீங்கியது. இதை முன்னேற்றமாகக் கொள்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

சம்பந்தி அம்மாள் சேலத்திலிருந்து வந்துவிட்டார். மருமகளின் தாயார், பெயர் மனோரஞ்சிதம், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணத்தை எண்ணிப் பழகிய கண் மனிதரையும் அப்படித்தான் பார்க்கும். அவருடைய கணவர் கோதண்டபாணி நான்கு வருடம் டயாலிசிஸில் இருந்து இரண்டு வருடம் முன்பு காலமானார். அப்போது நான் பார்க்கப் போனவன், வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஆறு இளநீர் வாங்கிப் போனேன். பொட்டாசியம் கூடினால் அந்த நோயாளிக்கு இதயம் நின்றுவிடும், இளநீரில் அது நிறைய என்று எனக்குத் தெரியாது. சம்பந்தி ஆறையும் வாங்கி அங்கேயே காவலாளியிடம் கொடுத்தார். அன்று முதல் எந்த விசேஷத்திலும் அந்த ஆறு இளநீர் வராமல் இருந்ததில்லை.

இன்றும் வாசலில் காலணியைக் கழற்றும்போதே, "எங்க வீட்டுக்காரரைக் கொல்லப் பாத்த லைப்ரேரியன் எங்க?" என்றுதான் கேட்டார். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். கிட்டே வந்தவர் ஓர் எட்டு பின்னால் போனார். என் முகத்தைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கி ஒரு முறை மூச்சை இழுத்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"ஒக்காருங்க சம்பந்தி."

"நீங்க ஒக்காருங்க, நீங்கதானே விருந்தாளி."

"ஒக்காருங்கன்னேன்."

உட்கார்ந்தேன். குனிந்து, என் கெண்டைக்காலின் முன் எலும்பில் கட்டை விரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். சம்பந்திகளுக்குள் இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. பள்ளம் அப்படியே நின்றது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காலைல மொகம், சாயங்காலம் காலு. அப்படித்தானே?"

"வெயில்."

"ஒண்ணுக்கு நொரைக்குதா?"

"கழுவற திரவம் சரியில்ல."

"வாயெல்லாம் இரும்புக் கசப்பா?"

"டம்ளர்."

"அரிப்பு? வாந்தி? படியேறினா மூச்சு?"

ஒவ்வொன்றுக்கும் தனிக்காரணம் உண்டு, நூல்களில் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றும் தனித்தனி விஷயம் என்று விளக்கினேன்.

"ஒரே ஆளுதானே சம்பந்தி?" என்றார். "ஏழு பேருக்கா வந்திருக்கு?"

முப்பத்து நான்கு ஆண்டு நூலகப் பணியில் என் வகைப்பாட்டை யாரும் இப்படித் திருத்தியதில்லை.

சுலோசனா காபியோடு வந்தாள். சம்பந்தி என் வேட்டியை இழுத்துக் காலை மூடிவிட்டு, "கரை நல்லாருக்கு, எங்க எடுத்தது?" என்றார். அவள் போனதும், "நாளைக்குக் காலைல எங்கூட ரத்தம் குடுக்க வரீங்க. வெறும் வயித்துல. வேட்டி மாத்தணும்னு சொல்லிக்குங்க. வரலைன்னா இப்பவே உள்ள போய்ச் சொல்லுவேன்," என்றார்.

"இருபத்தேழு தாண்டட்டும் சம்பந்தி. இது அவளோட கல்யாணம்."

"எங்க வீட்டுக்காரரும் பொண்ணு கல்யாணம் தாண்டட்டும்னாரு. உங்க பையனுக்குத்தான் கட்டிக் குடுத்தோம். நல்லாத் தாண்டிச்சு."

ஜூன் 24, திங்கள்

மூன்று நாள் நடந்ததைச் சேர்த்து எழுதுகிறேன். கழுத்தின் வலப்பக்கம் ஒரு குழாய் இருப்பதால் இடப்பக்கமாகவே குனிய முடிகிறது. எழுத்து சாய்ந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை இரத்தம் கொடுத்தோம். மதியம் பரிசோதனை நிலையத்திலிருந்து அவர்களே தொலைபேசியில் கூப்பிட்டார்கள். எந்த நல்ல செய்தியும் தானாகக் கூப்பிடுவதில்லை. சம்பந்தி உடனே என்னை ஒரு காரில் ஏற்றிப் புதுச்சேரி கூட்டிப் போனார். பண்ருட்டிக்கும் புதுச்சேரிக்கும் இடையே அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பயணங்களிலேயே மிகவும் பயமுறுத்தியது அதுதான்.

மருத்துவர் இளைஞர். காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி காகிதத்தைப் பார்த்தார். நான் நடந்து வந்ததை நம்பவில்லை போலும்.

"கிரியாட்டினின் பன்னெண்டு புள்ளி நாலு. ஒண்ணு, ஒண்ணேகாலுக்குள்ள இருக்கணும். ரெண்டு கிட்னியும் வேலையை நிறுத்தியாச்சு. பொட்டாசியமும் ஜாஸ்தி. என்ன சாப்பிட்டீங்க?"

"பலாச்சுளை."

"எவ்வளவு?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். ஜெயபாலின் செட் மாத்திரையைப் பற்றிக் கேட்டார், நிறுத்திய அழுத்த மாத்திரையைப் பற்றிக் கேட்டார். இரண்டும் சேர்ந்து செய்த வேலை என்றார். நான் பிரித்து வைத்ததை மறுபடி ஒன்று சேர்த்துவிட்டார்கள்.

"இருபத்தெட்டாம் தேதி காலைல வந்து சேர்ந்துக்கறேன் டாக்டர். ஒரு விசேஷம் இருக்கு."

"யாரு தூக்கிட்டு வருவாங்க?" என்றார்.

என்னை எழுந்திருக்க விடவில்லை. சக்கர நாற்காலி வந்தது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். அந்தத் தாழ்வாரத்திலிருந்து யாரோ என்னை நாற்காலியோடு நகர்த்திவிட்டார்கள் என்று தோன்றியது. சம்பந்தி என் கண் முன்னாலேயே சுலோசனாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து நான் எதிர்பார்த்த சத்தம் எதுவும் வரவில்லை. "வரேன்" என்று மட்டும் சொன்னாளாம்.

ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். கையில் துணிப்பை. அதிலிருந்து இரண்டு லுங்கி, துண்டு, பிளாஸ்க், என் மூக்குக்கண்ணாடியின் மாற்று ஜோடி, பல் துலக்கும் பிரஷ், போர்வை ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அடியில் செய்தித்தாளில் சுற்றி எட்டாம் எண் செருப்பு. தொலைபேசி வந்த பிறகு பரணில் ஏறி எடுத்துக் கட்டிய பை அல்ல அது. மடிப்புகள் படிந்து போயிருந்தன.

"எப்பக் கட்டின பை இது?"

பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து மூடினாள்.

"போன மாசம்."



"நொரையப் பாத்தேன். பக்கத்துல படுத்தா மூச்சுல அந்த வாசனை. கோதண்டபாணி அண்ணனப் பாக்கப் போனப்ப அடிச்ச அதே வாசனை. என்னன்னு தெரியாதா எனக்கு?" மூடியை இறுக்கிவிட்டு, "இருபத்தெட்டாந்தேதி காலைல நேரா ஆஸ்பத்திரின்னு நெனச்சுத்தான் கட்டி வெச்சேன். அதுவரைக்கும் ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு தெனம் அந்தப் பொடவையத் தொட்டு வேண்டிக்குவேன்," என்றாள்.

"நானும் டாக்டர்கிட்ட இருபத்தெட்டுன்னுதான் சொன்னேன்."

என்னைப் பார்த்தாள்.

"முப்பத்தோரு வருஷத்துல இதுல ஒண்ணுலதாங்க நமக்கு ஒத்துப் போச்சு," என்றாள்.

கட்டிலருகே நின்றிருந்த சம்பந்தி வராந்தாவின் கடைசிவரை நடந்து போனார்.

அன்றிரவே குழாய் போட்டு முதல் டயாலிசிஸ். நேற்று இரண்டாவது. இன்று மதியம் செழியன் விமான நிலையத்திலிருந்து நேராக வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, "வெயிட் போட்டுட்டீங்கன்னு சொன்னேன்பா," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள் என்று ஆறுதல் சொன்னேன்.

ஜூன் 27, வியாழன்

சதயம். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை டயாலிசிஸ். சமையலுக்குச் சொன்னதை நிறுத்த முடியாததால் செழியன் திருக்கடையூர் போய், தகவல் தெரியாமல் வந்தவர்களைச் சாப்பிட வைத்தான். பாயசம் நன்றாக இருந்ததாம்.

சுலோசனா பழைய வாயில் புடவையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாள். கூடைக்கு மேலே என் கையை ஒரு முறை தொட்டாள். கத்தி இருந்த கையாலேயே.

ஜூன் 30, ஞாயிறு

ஓய்வு பெற்றேன். தாஜுதீன் சால்வையோடு மருத்துவமனைக்கே வந்தான். நூலகத்தில் படி எத்தனை என்று கேட்டேன். "இருபத்திரண்டு சார்," என்றான். "நீங்க பன்னெண்டுல நின்னு வேடிக்கை பாப்பீங்களே, அங்க நானும் நின்னு பாத்தேன். ஒரு மண்ணும் தெரியல."

ஜூலை 16, செவ்வாய்

செவ்வாய், வியாழன், சனி. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். வெளியூர் போக முடியாது. குடிக்கும் தண்ணீரைச் சுலோசனா சின்ன டம்ளரில் அளந்து தருகிறாள். தாகத்துக்குக் கை நீட்டினால், "மணி என்ன ஆச்சு?" என்கிறாள். இளமையில் சிறையிலிருந்து வந்த தியாகிகளின் நினைவுக் குறிப்புகளை நிறையப் படித்திருக்கிறேன். அவர்களுக்கு விடுதலைத் தேதி ஒன்று இருந்தது. என் பக்கத்துப் படுக்கையில் ஒரு நெசவாளர் ஏழு வருடமாக வருகிறார். "பழகிடும் சார்," என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் இங்கே எல்லோரும் பயப்படுகிறோம்.

இப்போது ஒன்பதாம் எண் செருப்பு நடக்கும்போது கழன்று விழுகிறது.

ஆகஸ்ட் 14, புதன்

சுலோசனா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாகச் சொன்னாள். என்னிடம் கேட்கவில்லை. மருத்துவரிடம் சொன்னாள், நான் அறையில் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. இரத்தம் பொருந்தியது, மற்றவையும் பொருந்தின. சம்பந்தியிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அவருக்கு என்னோடது பொருந்தலைங்க," என்றார். "மூணு தடவ பாத்தாங்க."

நான் வேண்டாம் என்று இரண்டு நாள் வாதிட்டேன். மூன்றாம் நாள் சுலோசனா, "டம்ளர மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். காபித்தூள மாத்தினேன். பால்காரர மாத்தினேன். இதயும் மாத்திப் பாத்துடுவோம்," என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கு வேறு அலமாரி தேடவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

உறுப்பு மாற்றுக்கு அரசு அமைத்த குழு அனுமதி தர வேண்டும். பணத்துக்காக யாரையாவது மனைவி என்று சொல்லிக் கூட்டி வருகிறார்களாம், அதனால் கணவன் மனைவி என்பதை நிரூபிக்க வேண்டும். மருத்துவமனையில் இதற்கென்று இருக்கும் பெண் பொறுமைசாலி.

"மேரேஜ் சர்டிபிகேட் இருக்கா சார்?"

"பதிவு பண்ணலை."

"கல்யாணப் பத்திரிகை?"

கொடுத்தேன். மாவட்டப் பிரமுகர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. எங்கள் பெயரைக் கண்டுபிடிக்க அந்தப் பெண்ணுக்குச் சற்று நேரம் ஆனது.

"கல்யாண போட்டோ?"

கொடுத்தேன். உற்றுப் பார்த்து, ஒலிபெருக்கி முன் நின்றவரைத் தொட்டார்.

"இவருதான் மாப்பிள்ளையா?"

"அவர் பேச்சாளர். இந்தத் தோள்தான் நான். மாலை இவங்க."

அந்தப் பெண் சுலோசனாவைப் பார்த்தார். சுலோசனா தலையாட்டினாள்.

"இது ஆகாதும்மா. மொதல்ல போய்க் கல்யாணத்தப் பதிவு பண்ணிட்டு வாங்க. போட்டோவுல ரெண்டு பேர் மொகமும் தெரியணும்."

செப்டம்பர் 9, திங்கள்

சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்களுக்குப் பதினோராம் எண் டோக்கன். சம்பந்தி அம்மாளும் தாஜுதீனும் சாட்சி. சுலோசனா கூறைப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வரிசையில் இருந்த நிலம் வாங்குபவர்கள் நகர்ந்து அவளுக்கு மட்டும் நாற்காலி கொடுத்தார்கள். நான் எட்டாம் எண் செருப்பில் நின்றேன். கழுத்துக் குழாய் தெரியாமல் சம்பந்தி என் துண்டை இழுத்துவிட்டார். எழுத்தர் கேமராவைப் பார்க்கச் சொன்னார், பார்த்தோம். பன்னிரண்டு நாற்பதுக்குச் சான்றிதழ் தந்தார்கள். போட்டோவில் இருவர் முகமும் தெரிகிறது.